நம் வீட்டு நிகுஸ்தான்

அப்போஸ்தலனாகிய யோவான் தம் முதலாம் நிருபத்தை முடிக்கும் விதம் கவனமாய் வாசிப்பவர்களுக்கு வியப்பளிக்கும். தேவன் ஒளியாயிருக்கிறார் என்றும், அன்பாயிருக்கிறார் என்றும் ஐந்து அதிகாரங்கள் எழுதுகிறார். நித்திய ஜீவனைப் பற்றிய நிச்சயத்தையும் உறுதிப்படுத்துகிறார். பின்பு வாழ்த்துதலோ ஆசீர்வாதமோ இன்றி, விக்கிரகங்களை விட்டு விலகிக் காத்துக்கொள்ளுங்கள் என்ற எச்சரிப்போடு எழுதுகோலைக் கீழே வைத்துவிடுகிறார் (1 யோவான் 5:21). அந்த நிருபத்தில் அதற்கு முன் விக்கிரகம் என்ற சொல் ஓரிடத்திலும் வரவில்லை. அதைப் பெற்றுக்கொண்டவர்களோ மெய்த் தேவனை அறியாதவர்கள் அல்லர். "பிள்ளைகளே" என்று அவர் உரிமையோடு அழைக்கும் விசுவாசிகள்.

யோவான் முதிர்வயதில் எபேசு பட்டணத்தில் வாழ்ந்து ஊழியம் செய்தார் என்பது ஆதித் திருச்சபையின் பாரம்பரியம். அப்பட்டணம் எப்படிப்பட்டது என்பதை அப்போஸ்தலர் நடபடிகள் 19-ஆம் அதிகாரம் காட்டுகிறது. தட்டானாகிய தெமேத்திரியு எழுப்பிய கலகம் நமக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதற்குச் சற்று முன் வரும் மூன்று வசனங்களை (18-20) நாம் வேகமாகக் கடந்துவிடுகிறோம். அங்கே தங்கள் செய்கைகளை அறிக்கையிட்டு வருகிறவர்கள் ஏற்கெனவே விசுவாசித்தவர்கள். மாயவித்தைப் புத்தகங்கள் வெளியே கொண்டுவரப்பட்டு, எல்லாருக்கும் முன்பாக எரிக்கப்படுகின்றன. விலையைக் கணக்குப் பார்த்தால் 50,000 வெள்ளிக்காசு. ஒரு வெள்ளிக்காசு ஏறத்தாழ ஒரு கூலியாளின் ஒருநாள் கூலி என்று கொண்டால், அது எவ்வளவு பெருந்தொகை என்பது விளங்கும். கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டவர்களின் வீடுகளிலேயே அப்புத்தகங்கள் இருந்திருக்கின்றன. அவர்கள் வசனம் கேட்டார்கள், சபை கூடினார்கள், பேழையில் புத்தகமும் இருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். விக்கிரகாராதனை என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் கண்கள் அயலாரின் வீட்டுப் பக்கம் திரும்புகின்றன. இது நம்மிடையே வேரூன்றிய ஒரு கெட்ட பழக்கம். எபேசுவில் கலகம் அடங்கியபோது, அந்தப் பட்டணத்துச் சம்பிரதியே பவுலின் தோழர்களைக் குறித்து, இவர்கள் கோவில் கொள்ளைக்காரரும் அல்லர், உங்கள் தேவியைத் தூஷித்தவர்களும் அல்லர் என்று சாட்சி கொடுக்கிறான் (19:37). பவுல் அப்பட்டணத்தில் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகப் பிரசங்கித்திருந்தார். நம்மைக் குறித்து நம் தெருவிலுள்ளவர்கள் அப்படிச் சாட்சி கொடுப்பார்களா? தீர்க்கதரிசிகளின் கடுமையான வார்த்தைகளில் பெரும்பகுதி தேவனுடைய சொந்த ஜனத்திற்கே சொல்லப்பட்டது. இந்தப் பாடமும் அவ்விதமே நம் வீட்டு வாசற்படிக்குள் நிற்கட்டும்.

தேவன் செய்யச் சொன்ன சர்ப்பம்

வேதத்தில் உடைக்கப்பட்ட விக்கிரகங்கள் பல உண்டு. அவற்றுள் நம்மை அதிகமாய்ச் சிந்திக்க வைப்பது எசேக்கியா ராஜா உடைத்த வெண்கலச் சர்ப்பம் (2 இராஜாக்கள் 18:4). பாகாலின் பலிபீடத்தைக் கானானியர் கொண்டுவந்தார்கள். பொன் கன்றுக்குட்டியை ஜனங்களின் பொறுமையின்மை கொண்டுவந்தது. இந்தச் சர்ப்பமோ கர்த்தர் தாமே மோசேயிடம் செய்யச் சொன்னது. வனாந்தரத்தில் முறுமுறுத்த ஜனங்களைக் கொள்ளிவாய்ச் சர்ப்பங்கள் கடித்தபோது, கம்பத்தில் உயர்த்தப்பட்ட அந்த வெண்கலத்தை நோக்கிப் பார்த்தவர்கள் பிழைத்தார்கள் (எண்ணாகமம் 21:4-9). நம் ஆண்டவர் நிக்கொதேமுவிடம் தம் சிலுவையைப் பற்றிப் பேசத் தேர்ந்துகொண்ட அடையாளமும் இதுவே (யோவான் 3:14).

ஆகவே அதைப் பத்திரப்படுத்தியவர்கள் அவபக்தியினால் அப்படிச் செய்திருக்கமாட்டார்கள். கர்த்தர் செய்த அற்புதத்தின் நினைவு, நம் பிதாக்கள் உயிர் பிழைத்த சாட்சி, பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டியது என்ற எண்ணத்தோடுதான் வைத்திருப்பார்கள். மோசேயின் நாட்களிலிருந்து எசேக்கியாவின் நாட்கள்வரை ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் சென்றுவிட்டன. எந்த ஆண்டில், எந்த நாளில், யார் முதலாவது அதற்குத் தூபங்காட்டினார் என்று வேதம் கூறவில்லை. இப்படிப்பட்டவை ஒரே நாளில் நடப்பதில்லை. முதலில் மரியாதை, பிறகு பழக்கம், பிறகு அது இல்லாவிட்டால் என்ன ஆகுமோ என்ற அச்சம். அச்சம் வந்துவிட்டால் தூபத்திற்கு அதிக நாள் ஆகாது.

எசேக்கியா அதை உடைத்து, நிகுஸ்தான் என்று பேரிட்டான். எபிரெய மொழியில் சர்ப்பத்திற்கும் வெண்கலத்திற்கும் உள்ள சொற்கள் ஓசையில் ஒன்றுக்கொன்று நெருங்கியவை. "இது வெறும் வெண்கலந்தான்" என்பது போன்ற பொருளை அப்பெயர் தருகிறது. அன்று எருசலேமில் எத்தனை பேர் அவனைக் குற்றம் சொல்லியிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். மோசேயின் கைவேலையை உடைக்கிறானே, தேவன் கட்டளையிட்டதை உடைக்கிறானே என்று பக்திமான்களே வருந்தியிருக்கலாம். ஆனால் அடுத்த வசனம் அவனைப் பற்றிச் சொல்லும் முதற்காரியம், அவன் இஸ்ரவேலின் தேவனாகிய கர்த்தர்மேல் நம்பிக்கை வைத்தான் என்பது. வெண்கலத்தின் மேலிருந்த நம்பிக்கைக்கு அவன் இருதயத்தில் இடம் இல்லாதிருந்ததால்தான் அவனால் அதை உடைக்க முடிந்தது.

ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் விக்கிரகத்தைத் தேடுகிறவர்கள், பாவமான பொருட்களை மட்டும் தேடினால் கண்டுபிடிக்கமாட்டார்கள். கர்த்தர் நன்மையாகக் கொடுத்தவற்றின் நடுவிலேயே தேட வேண்டும். ஜெபத்திற்குப் பதிலாய்க் கிடைத்த வேலை, பல ஆண்டு காத்திருந்து பெற்ற பிள்ளை, கடனின்றிக் கட்டிய வீடு, நம்மை விசுவாசத்திற்கு நடத்திய ஊழியர் என்று அந்த வரிசை நீளும்.

மீகாவின் கூக்குரல்

அப்படியானால் ஒரு நன்மை எப்போது விக்கிரகமாகிறது? நேசித்தாலே விக்கிரகம் என்று சிலர் போதிக்கிறார்கள். அது வேதத்தின் போதனை அன்று. பிள்ளையை நேசிப்பதும், தொழிலில் கருத்தாயிருப்பதும், வீட்டைப் பேணுவதும் விசுவாசிக்கு இடப்பட்ட கடமைகள். மார்ட்டின் லூத்தர் 1529-ல் எழுதிய பெரிய ஞானோபதேசத்தில் முதலாம் கற்பனைக்கு விளக்கம் கூறும்போது, இருதயம் எதை நம்பிச் சார்ந்திருக்கிறதோ அதையே மனிதனுடைய கடவுளாகக் கருத வேண்டும் என்ற பொருளில் எழுதினார். கேள்வி அன்பின் அளவைப் பற்றியது அன்று. பாரத்தை எதன்மேல் சாய்த்திருக்கிறோம் என்பதைப் பற்றியது.

சாய்ந்திருப்பது எப்போது வெளிப்படும்? சாய்ந்திருந்த பொருள் அசையும்போது. இதை நியாயாதிபதிகள் 17, 18-ஆம் அதிகாரங்களில் வரும் எப்பிராயீம் மலைத்தேசத்தானாகிய மீகாவின் சரித்திரத்தில் தெளிவாய்க் காண்கிறோம். அந்த வீட்டை நினைத்துப் பாருங்கள். மகன் தாயின் 1,100 வெள்ளிக்காசைத் திருடுகிறான். அவள் சபிக்கக் கேட்டுத் திருப்பிக் கொடுக்கிறான். தாயோ உடனே கர்த்தருடைய நாமத்தில் அவனை ஆசீர்வதித்து, அந்த வெள்ளியைக் கர்த்தருக்கென்றே நேர்ந்துகொண்டதாகச் சொல்கிறாள். அதில் 200 காசு தட்டானிடம் சென்று விக்கிரகமாகத் திரும்பி வருகிறது. வழிப்போக்கனாய் வந்த ஒரு லேவியனை, ஆண்டுக்குப் பத்து வெள்ளிக்காசும் உடுப்பும் ஆகாரமும் என்று பேசி ஆசாரியனாக அமர்த்துகிறான் மீகா. லேவியனே நமக்கு ஆசாரியனானபடியால் இனி கர்த்தர் நமக்கு நன்மை செய்வார் என்று திருப்தியடைகிறான் (17:13).

இந்தக் குடும்பத்தார் கர்த்தருடைய நாமத்தை விட்டுவிட்டவர்கள் அல்லர். வாக்கியத்திற்கு வாக்கியம் அந்த நாமம் அவர்கள் வாயில் இருக்கிறது. வீட்டில் வழிபாட்டுக்கு இடம் இருக்கிறது. ஊழியருக்குச் சம்பளமும் இருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவர் நல்ல பக்தியுள்ள குடும்பம் என்றே சொல்வார். தாண் கோத்திரத்தாரின் 600 பேர் ஆயுதம் தரித்து வந்து விக்கிரகத்தையும் ஏபோத்தையும் ஆசாரியனையும் எடுத்துச் சென்றபோதுதான் உண்மை வெளிவந்தது. மீகா அயலாரைக் கூட்டிக்கொண்டு பின்னே ஓடுகிறான். நான் செய்த தெய்வங்களைக் கொண்டுபோய்விட்டீர்களே, இனி எனக்கு என்ன இருக்கிறது என்பதே அவன் கூக்குரலின் சாரம் (18:24). அந்த ஒரு வேளையில் கர்த்தருடைய நாமம் அவன் வாயில் வரவில்லை.

நம் வாழ்க்கையிலும் இந்த அளவுகோலை வைத்துப் பார்க்கலாம். ஒரு காரியம் கைநழுவும்போது துக்கப்படுவது இயல்பு. யோபுவும் சால்வையைக் கிழித்துக்கொண்டார். ஆனால் "இனி எனக்கு என்ன இருக்கிறது" என்று எந்த இடத்தில் நம் உள்ளம் சொல்கிறதோ, அந்த இடத்தில் நின்று தேடிப் பார்க்க வேண்டும்.

எண்ணெயும் அட்டையும்

முதலில், நம் சபைகளில் எளிதாய்க் கண்ணுக்குத் தெரிவதைப் பார்ப்போம். நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிப்பது யாக்கோபு நிருபம் கூறும் முறை (5:14). பவுலின் சரீரத்திலிருந்து கொண்டுபோன உறுமால்களால் நோயாளிகள் சுகமடைந்ததும் எழுதப்பட்டிருக்கிறது (அப். 19:12). இவை பொய் என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் இன்று அந்த எண்ணெய்ப் புட்டி எங்கே நிற்கிறது? பரீட்சைக்குச் செல்லும் பிள்ளையின் பேனாவிலும், புதிதாய் வாங்கிய இருசக்கர வாகனத்தின் சக்கரத்திலும், கடையின் கல்லாப் பெட்டியிலும் பூசப்படுகிறது. ஜெபிக்க மறந்தால் வராத கலக்கம், எண்ணெய் தீர்ந்துவிட்டால் வருகிறது. கெட்ட கனவு வராதபடி தலையணையின் கீழ் வைக்கப்படும் வேதாகமமும், பகலில் திறக்கப்படாதிருந்தால், மீகாவின் வீட்டுப் பொருட்களில் ஒன்றாகிவிடுகிறது.

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கும் வழக்கம் தமிழ்ச் சபைகளில் பலருக்குப் பிரியமானது. வசனத்தை ஆண்டு முழுவதும் தியானிக்க அது உதவுமானால் நல்லதுதான். ஆனால் கண்டிப்பான வசனம் வந்துவிட்டால் முகம் வாடி, அதைத் திரும்ப வைத்துவிட்டு வேறொன்றை எடுக்கிறவர்களும் உண்டு. உபத்திரவத்தைக் குறித்த வசனங்கள் அந்த அட்டைகளில் ஏன் அச்சிடப்படுவதில்லை என்று யாராவது கேட்டதுண்டா? நமக்கு வேண்டிய பதிலை மட்டுமே கொடுக்கும்படி தேவனை ஒழுங்குபடுத்திக்கொள்வது, உருவத்தை வார்ப்பிப்பதைக் காட்டிலும் வெகுதூரத்தில் இல்லை.

ஏலியின் நாட்களில் இஸ்ரவேலர் இதைத்தான் செய்தார்கள். பெலிஸ்தரிடம் 4,000 பேரை இழந்தவுடன், சீலோவிலிருந்து உடன்படிக்கைப் பெட்டியைப் பாளயத்திற்குக் கொண்டுவந்தார்கள். பூமி அதிரும்படி ஆர்ப்பரித்தார்கள். கர்த்தரிடம் விசாரித்ததாகவோ, மனந்திரும்பியதாகவோ அங்கே ஒரு வார்த்தையும் இல்லை. அன்று விழுந்தவர்கள் 30,000 பேர். பெட்டியும் பிடிபட்டது (1 சாமுவேல் 4). தேவன் கொடுத்த பொருளே அவர்களுடைய கையில் தாயத்து ஆயிற்று.

பிள்ளையின் மதிப்பெண்

எண்ணெய்ப் புட்டியைக் குறை கூறுவது எளிது. படித்த சபையார் புன்னகைத்துக்கொள்வார்கள். படித்தவர்களின் விக்கிரகத்திற்கு இப்போது வருவோம்.

பிள்ளை பத்தாம் வகுப்பிற்கோ பன்னிரண்டாம் வகுப்பிற்கோ வந்துவிட்டால், ஞாயிறு பள்ளி நிற்கிறது. பின்பு வாலிபர் கூட்டம் நிற்கிறது. பின்பு ஆராதனையும் "இந்த ஒரு வருஷம் மட்டும்" என்று நிற்கிறது. குடும்ப ஜெபத்தின் நேரத்தைத் தனிப்பயிற்சி வகுப்பின் நேரம் விழுங்குகிறது. பிள்ளைக்கு நாம் இதனால் கற்றுக்கொடுப்பது என்ன? ஆண்டவர் முக்கியமானவர், ஆனால் நுழைவுத் தேர்வு அதிலும் முக்கியம் என்பதையே. வாயினால் நாம் அப்படி ஒருபோதும் சொல்லமாட்டோம். பிள்ளைகளோ நம் வாயைக் காட்டிலும் நம் நேர அட்டவணையைக் கருத்தாய் வாசிக்கிறார்கள்.

ராஜஸ்தானின் கோட்டா நகரம் பொறியியல், மருத்துவ நுழைவுத் தேர்வுப் பயிற்சிக்கு நாடெங்கும் பெயர்பெற்றது. பல மாநிலங்களிலிருந்து பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் அங்கே அனுப்பப்படுகிறார்கள். மாணவர் தற்கொலைகள் அடுத்தடுத்து நேர்ந்ததைக் கண்டு, 2023 ஆகஸ்டில் மாவட்ட நிர்வாகம் பயிற்சி நிலையங்களில் இரண்டு மாதங்களுக்குத் தேர்வுகளை நிறுத்திவைக்கும்படி ஆணையிட்டது. ஓர் அரசு அலுவலகம் தலையிட்டு, பிள்ளைகள் மூச்சுவிடட்டும் என்று சொல்ல வேண்டியிருந்தது. அத்தகைய துயரத்திற்குக் காரணங்கள் பல; இழந்த பெற்றோரை நியாயந்தீர்க்க நாம் யாரும் அல்லோம். ஆனாலும், மதிப்பெண் குறைந்துவிட்டால் வீட்டிற்கு எப்படிப் போவேன் என்று ஒரு பிள்ளை நடுங்குமானால், அந்த நடுக்கம் எங்கிருந்து வந்தது என்று கிறிஸ்தவப் பெற்றோராகிய நாம் நம்மையே கேட்டுக்கொள்ளக் கடன்பட்டிருக்கிறோம். தோல்வியோடு திரும்பி வரும் பிள்ளையைத் தூரத்தில் கண்டு ஓடிச்சென்று கட்டியணைக்கும் தகப்பனைப் பற்றி (லூக்கா 15) நாம் அதிகமாய்ப் பிரசங்கம் கேட்டிருக்கிறோம். நம் பிள்ளைக்கு அந்தத் தகப்பனைத் தெரியுமா?

ஆபிரகாமுக்கு ஈசாக்கு வாக்குத்தத்தத்தின் பிள்ளை. அன்னாளுக்குச் சாமுவேல் கண்ணீரின் பிள்ளை. மோரியா மலைக்கு ஆபிரகாம் சென்றதும், பால்மறந்த பாலகனை அன்னாள் கர்த்தருடைய வீட்டில் விட்டுவந்ததும் பிள்ளைகள் மீது அன்பு குறைந்ததனால் அன்று. பிள்ளை தங்களுடையவன் அல்லன் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

மிஷனெரி ஊழியத்திற்காக ஜெபிக்கும் நமக்கு இதில் ஒரு நேரடியான சோதனை இருக்கிறது. அறுப்புக்கு ஆட்களை அனுப்பும்படி மாதந்தோறும் உபவாசக் கூட்டத்தில் முழங்காற்படியிடுகிறோம். நல்ல மதிப்பெண் எடுத்த நம் மகன் ஒரு மாலை வந்து, ஒடிசாவின் ஒரு மலைக்கிராமத்தில் பள்ளி ஆசிரியனாகப் பணிசெய்யக் கர்த்தர் அழைக்கிறார் என்று சொன்னால், நம் முதல் வார்த்தை என்னவாயிருக்கும்? "ஜெபித்துப் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு, அவன் மனம் மாறும்படியல்லவா ஜெபிப்போம்?

சேணத்தின் கீழே

இதுவரை பேசியவை, தேவன் கொடுத்த நன்மைகள் இடம் மாறியதனால் வந்த விக்கிரகங்கள். வேறொரு வகையும் உண்டு. அது தேவன் கொடுத்தது அன்று. பழைய வீட்டிலிருந்து மறைத்துக் கொண்டுவரப்பட்டது. ராகேல் தன் தகப்பன் லாபானின் சுரூபங்களைத் திருடி, ஒட்டகச் சேணத்தின் கீழ் வைத்து, அதின்மேல் உட்கார்ந்துகொண்டாள் (ஆதியாகமம் 31:34). லாபான் கூடாரம் முழுவதையும் தடவிப் பார்த்தும் அகப்படவில்லை. யாக்கோபுக்கோ அது தன் கூடாரத்தில் இருப்பதே தெரியாது. யாரிடம் அகப்படுகிறதோ அவன் உயிரோடிருக்கலாகாது என்று தைரியமாய் வேறு சொல்லிவிட்டார்.

இந்தியச் சபையின் சேணத்தின் கீழிருக்கும் சுரூபம் சாதி. பெயர் மாறினோம், பண்டிகை மாறினோம், அடக்க முறையும் மாறினோம். சாதியை மட்டும் ஞானஸ்நானத் தண்ணீரில் நனையாமல் கரையேற்றிக்கொண்டோம். கிறிஸ்தவப் பத்திரிகைகளின் மணமக்கள் தேவைப் பகுதியைப் பாருங்கள். இரட்சிக்கப்பட்ட, அபிஷேகம் பெற்ற, ஊழிய வாஞ்சையுள்ள மணமகள் தேவை என்று தொடங்கி, சாதியின் பெயரில் வந்து நிற்கும் விளம்பரங்களைக் காண்பது அரிதன்று. பெந்தெகொஸ்தே சபையார் பாரம்பரியச் சபையில் பெண் எடுக்கச் சம்மதிப்பார்கள், சாதி ஒன்றாயிருந்தால். உபதேச வேறுபாடு தாண்டக்கூடியது. சாதியோ தாண்டக்கூடாதது என்றால், இவற்றுள் எது அந்த வீட்டின் உண்மையான விசுவாசப் பிரமாணம்?

விக்கிரகம் என்பது வணக்கத்தை மட்டும் கேட்பதில்லை, கீழ்ப்படிதலையும் கேட்கிறது. யாரோடு உண்ணலாம், யாருக்குப் பெண் கொடுக்கலாம், மரித்தபின் எந்த மண்ணில் படுக்கலாம் என்று சாதி கட்டளையிடுகிறது. கிறிஸ்துவின் கட்டளையும் சாதியின் கட்டளையும் மோதும் நாளில் எதற்கு நாம் கீழ்ப்படிகிறோமோ, அதுவே நம் ஆண்டவன்.

இது புதிய கண்டுபிடிப்பு அன்று. 1833-ல் கல்கத்தா பேராயர் தானியேல் வில்சன், தம் ஆளுகையின் கீழிருந்த தென்னிந்தியச் சபைகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பி, சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனே முற்றிலும் கைவிட வேண்டும் என்று ஆணையிட்டார். நற்கருணைப் பந்தியிலேயே வேறுபாடு நிலவிய காலம் அது. தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் திரளானோர் அந்த ஆணையை ஏற்க மனமின்றிச் சபையை விட்டு விலகினார்கள். அவர்களில் பலர் தலைமுறை தலைமுறையாய்க் கிறிஸ்தவர்கள். அவர்கள் அஞ்சியது சிலைகளை இழப்பதற்கு அன்று. அவற்றை அவர்களுடைய பாட்டனார்களே விட்டிருந்தார்கள். அந்நாளிலிருந்து ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கடக்கப்போகின்றன. நற்கருணைப் பந்தி பெரும்பாலும் ஒன்றாகிவிட்டது. கல்யாணப் பந்தலும் கல்லறைத் தோட்டமும் எல்லா இடங்களிலும் ஒன்றாகிவிட்டன என்று சொல்ல முடியாது.

வரதட்சணையைப் பற்றித் தனியே அதிகம் எழுதத் தேவையில்லை. நாட்டின் சட்டமே 1961-ல் அதைத் தடைசெய்துவிட்டது. பொருளாசைக்கு விக்கிரகாராதனை என்று பவுல் நேரடியாகவே பெயரிட்டார் (கொலோசெயர் 3:5). "நாங்கள் எதுவும் கேட்கவில்லை, உங்கள் மகளுக்கு நீங்கள் செய்வதைச் செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டுப் பவுன் கணக்கை விசாரிக்கிறவர்களுக்கு, தாங்கள் செய்வது என்னவென்று தெரியும்.

ஊழியரும் கைபேசியும்

நன்மைகளின் வரிசையில் ஊழியரையும் குறிப்பிட்டோம். லீஸ்திராவில் ஜனங்கள் பர்னபாவை யூப்பித்தர் என்றும், பவுலை மெர்க்கூரி என்றும் சொல்லிப் பலியிட வந்தபோது, இருவரும் வஸ்திரங்களைக் கிழித்துக்கொண்டு கூட்டத்திற்குள் ஓடினார்கள் (அப். 14:11-15). இன்று கன்வென்ஷன் சுவரொட்டிகளில் ஊழியரின் முகம் எத்தனை அடி, இயேசு என்ற நாமம் எத்தனை அங்குலம் என்று அளந்து பார்த்தால் போதும். ஆனால் குற்றம் முழுவதையும் ஊழியர்மேல் சுமத்துவது நியாயமாகாது. தனக்குப் பிரியமான பிரசங்கியார் வரவில்லையென்றால் கூட்டத்திற்கே வராத நாமும் அந்தச் சுவரொட்டியை அச்சிட்டவர்களே. அவருடைய தவறு வெளிப்பட்ட நாளில் நம் விசுவாசமே ஆட்டங்கண்டதென்றால், அது யார்மேல் கட்டப்பட்டிருந்தது?

கைபேசியைக் குறித்துப் பலரும் எழுதிவிட்டார்கள். ஒன்று மட்டும் கூறலாம். கர்த்தருடைய வார்த்தைகளைப் படுத்துக்கொள்ளும்போதும் எழுந்திருக்கும்போதும் பேச வேண்டும் என்று உபாகமம் 6:7 கற்பிக்கிறது. இன்று படுக்கும்போது கடைசியாகவும் எழும்போது முதலாவதாகவும் நம் கை தேடுவது எதை? வேதாகமமும் கைபேசிக்குள்ளேதான் இருக்கிறது என்று பதில் சொல்கிறோம். இருக்கிறது, அதற்கு முன்பாக எத்தனை செய்திகள் திறக்கப்படுகின்றன என்பதும் அதே கைபேசிக்குத் தெரியும்.

சீகேமின் கர்வாலி மரம்

ராகேல் மறைத்த சுரூபங்கள் எத்தனை ஆண்டுகள் யாக்கோபின் கூடாரங்களோடு பயணம் செய்தன என்று வேதம் சொல்லவில்லை. யாப்போக்கின் கரையில் யாக்கோபு தேவனோடு போராடி இஸ்ரவேல் என்ற பெயரைப் பெற்ற இரவிலும் அவை அந்தக் கூட்டத்தில் இருந்திருக்கலாம். பெத்தேலுக்குப் போ என்று தேவன் சொன்னபோதுதான், யாக்கோபு தன் வீட்டாரையும் தன்னோடிருந்த அனைவரையும் கூட்டி, உங்களிடத்தில் உள்ள அந்நிய தெய்வங்களை விலக்குங்கள் என்கிறார் (ஆதியாகமம் 35:2). அவர் இன்னாரென்று ஒருவரையும் சுட்டிக்காட்டவில்லை. கூடாரங்களைச் சோதனையிடவும் இல்லை. அவர்களே கொண்டுவந்து கொடுத்தார்கள். காதணிகளையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அவர் கேட்டதோ தெய்வங்களைத்தான். காதணிகள் எதற்காக அணியப்பட்டன என்பது கொடுத்தவர்களுக்குத் தெரிந்திருந்தது.

குடும்பமாக இதைச் செய்வதற்கு ஒரு சனிக்கிழமை மாலை போதும். குடும்ப ஜெபத்தில் இந்த அதிகாரத்தை வாசித்துவிட்டு, "எது போய்விட்டால் நமக்கு இனி ஒன்றுமில்லை என்று தோன்றும்?" என்று ஒவ்வொருவரும் சொல்லட்டும். தகப்பன் முதலில் சொல்லட்டும். பிள்ளைகளிடம் முதலில் கேட்டால் அது விசாரணையாகிவிடும். தாய், தகப்பனைப் பற்றிச் சொல்ல வேண்டாம். தன்னைப் பற்றிச் சொல்லட்டும். அன்றைக்கே எல்லாவற்றையும் உடைத்துவிட வேண்டும் என்பதில்லை. பிள்ளையை உடைக்க முடியாது. வேலையை விட்டுவிட வேண்டியதும் இல்லை. பரீட்சை மாதத்திலும் ஞாயிறு ஆராதனைக்குக் குடும்பமாய்ச் செல்வோம் என்று தீர்மானிக்கலாம். திருமண விளம்பரத்தில் அந்த ஒரு சொல்லை எழுதாமல் விடலாம். வாங்கிய வரதட்சணையைத் திருப்பிக் கொடுத்த குடும்பங்களும் நம் நாட்டுச் சபைகளில் உண்டு. சகேயுவின் மனந்திரும்புதலும் தொகையோடு கூடியதே: பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியது நாலத்தனையாய் (லூக்கா 19:8).

யாக்கோபு அந்தத் தெய்வங்களையும் காதணிகளையும் சீகேம் ஊர் அருகே ஒரு கர்வாலி மரத்தின் கீழ் புதைத்தார். அப்போது அவர் இருந்த நிலை பாதுகாப்பானதன்று. அவருடைய குமாரர் சீகேமில் செய்த கொலையினால் சுற்றுப்புறத்துக் கானானியர் ஒன்றுகூடி வந்து தம்மை அழித்துவிடுவார்கள் என்று அவர் அஞ்சிக்கொண்டிருந்தார் (34:30). காவலுக்கு ஏதாவது ஒன்றைப் பற்றிக்கொள்ள வேண்டிய வேளையில், கையில் இருந்ததையும் மண்ணில் போட்டுவிட்டுப் புறப்பட்டார்கள். சுற்றிலுமிருந்த பட்டணத்தார்மேல் தேவனாலே பயங்கரம் உண்டானதால், ஒருவரும் அவர்களைப் பின்தொடரவில்லை (35:5).